முகம் பார்த்து முப்பத்தொரு பெயர்

சனிக்கிழமை பகல் இரண்டே கால் படகைச் சங்கிலிப்பாண்டி ஐந்தரை மாதத்தில் ஒருமுறைகூடத் தவறவிட்டதில்லை. ஜூன் மாதத்து இடவப்பாதி மழை கொட்டிய நாளிலும் துவைத்த சட்டையைப் பிளாஸ்டிக் பையில் சுருட்டிக்கொண்டு மட்டாஞ்சேரி ஜெட்டியில் ஏறுவான். வெலிங்டன் தீவைத் தொட்டுப் படகு எறணாகுளம் சேர்ந்ததும் ஒரு கடைத் தாழ்வாரத்தில் சட்டையை மாற்றிக்கொண்டு, மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பேச்சுப் பயிற்சி டீச்சரின் மாடிப்படிக்குக் கீழே நிற்பான். 1981 ஜூன் 27 அன்றும் அப்படித்தான் போய் நின்றான். படிக்கட்டின் குறுக்கே ஒரு பெஞ்சைப் போட்டு அடைத்திருந்தார்கள். பெஞ்சின் மேல் மலையாளத்தில் எழுதிய ஒரு அட்டை சாய்ந்திருந்தது.

அவன் ஐந்தாம் வகுப்புவரை மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். தமிழைவிட மலையாளம் வேகமாக வாசிப்பான். வாசித்தான்.

செங்கண் நோய் ஓயும்வரை நேரில் பயிற்சி கிடையாது. நோய் வந்து, முழுக்கக் குணமாகி, பத்து நாள் கழிந்தவர்கள் மட்டும் மேலே வரலாம். மற்றவர்களுக்குப் பாடம் தபாலில் வரும்.

பெஞ்சு முழங்கால் உயரம்தான். மேலே டீச்சரின் நாற்காலி நகரும் சத்தம்கூடக் கேட்டது. ஆனால் எழுதி வைத்ததை மீறுகிற பழக்கம் அவனுக்கு இல்லை. தெருவில் இறங்கி ஜெட்டிவரை நடந்தான். படகில் ஏறாமல் திரும்பி வந்து இன்னொரு தடவை அட்டையைப் பார்த்தான். எழுத்து அப்படியேதான் இருந்தது. ஆகஸ்ட் ஒன்றாம் தேதிக்கு முன்னால், இன்றையதையும் சேர்த்து, ஐந்து சனிக்கிழமைகள்தான் மிச்சமிருந்தன. ஒன்று போயிற்று.

சங்கிலிப்பாண்டிக்குப் பேச்சு திக்கும். ஐந்து வயதில் ஆரம்பித்தது, முப்பத்திரண்டு வயதிலும் விடவில்லை. மட்டாஞ்சேரியில் துப்புரவுத் தொழிலாளர்கள் குடியிருந்த லைன் வீடுகளில் அவனை விக்கன் என்றுதான் கூப்பிட்டார்கள். திக்குவாயனுக்கு மலையாளத்தில் அதுதான் பெயர். அவனுடைய அப்பா சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து ஓடை வேலைக்கு வந்தவர். அவர் போன பிறகு பதினேழு வயதில் அவன் மம்பட்டி பிடித்தான். பதினைந்து வருடத்தில் எடுத்த விடுப்பு ஏழே நாள். அதில் மூன்று நாள் தன் கல்யாணத்துக்கு. தண்ணீர் ஓடுகிற தினுசைப் பார்த்தே இந்த ஓடை சங்கிலிப்பாண்டி கழுவியது என்று சொல்லிவிடலாம். வேலை முடிந்தால் கார்பாலிக் சோப்பைப் போட்டு முழங்கைவரை மூன்று தடவை தேய்ப்பான். நக இடுக்குக்கு ஈர்க்குச்சி தனியாக வைத்திருந்தான். கழுவாத கையால் மூக்கைக்கூடச் சொறிய மாட்டான்.

இத்தனை இருந்தும் அவன் மேஸ்திரி ஆகவில்லை. காரணம் மஸ்டர்.

தினமும் காலை ஆறு மணிக்குச் சர்க்கிள் ஆபீஸ் முற்றத்தில் மஸ்டர் எடுப்பார்கள். மேஸ்திரி ஒவ்வொரு பெயராகக் கூப்பிட வேண்டும். ஆள் "ஹாஜர்" என்று சொன்னதும் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் புத்தகத்தில் கோடு போட வேண்டும். குரலை நம்பிக் கோடு போட்டால் வராத அண்ணனுக்குத் தம்பியும் வராத மாமனுக்கு மருமகனும் ஹாஜர் சொல்லிவிடுவார்கள். இப்படி முப்பத்தொரு பெயர். யாராவது பார்த்துக்கொண்டிருக்கும்போது தன் சொந்தப் பெயரையே சொல்ல முடியாதவனுக்கு முப்பத்தொரு பெயர் எப்படி முடியும்?

1977-இல் பக்கத்து வார்டில் மேஸ்திரி இடம் காலியானபோது வரிசைப்படி அவன் பெயர்தான் வந்தது. அப்போதிருந்த ஹெல்த் இன்ஸ்பெக்டர் ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு, "சம்மதமானோ?" என்று கேட்டார். ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தை தொண்டையில் நின்று முட்டியது. இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சங்கிலிப்பாண்டி தரையைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டு அவர் 'விருப்பமில்லை' என்று எழுதி ஃபைலைக் கட்டினார். அவன் வெளியே வந்து, ஆளில்லாத சுவரோரம் நின்று, "சம்மதம் சார், சம்மதம் சார்" என்று தடங்கலே இல்லாமல் இருபது தடவை சொன்னான்.

இப்போது அவன் வார்டின் பிச்சை மேஸ்திரிக்கு ஜூலை 31-ஆம் தேதியோடு ஓய்வு. புது இன்ஸ்பெக்டர் அவனைக் கூப்பிட்டுச் சொன்னார்: "ஆகஸ்ட் ஒண்ணாம் தேதி நீ மஸ்டர் விளிக்கணும். விளிச்சா நீ மேஸ்திரி. இல்லெங்கில் ரெண்டாமதும் விருப்பமில்லான்னு எழுதேண்டி வரும். பின்னெ உன்டெ பேரு லிஸ்டிலேயே வராது, கேட்டோ."

அடுத்த பெயர் பாலையா. அவனைவிட நாலு வருடம் சின்னவன். வாயாலேயே வெல்லம் காய்ச்சுகிறவன்.

எறணாகுளத்து மாடிக்கு அவனை முதலில் கூட்டிப்போனது அவன் அக்கா மாயம்மாள். அவள் ஃபோர்ட் கொச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பெருக்குகிறவள். பேச்சுத் திக்குவதற்கு மைசூரில் படித்துவிட்டு வந்த ஒரு அம்மாள் சனிக்கிழமைகளில் காசு வாங்காமல் பயிற்சி கொடுப்பதாக அங்கே கேள்விப்பட்டாள். கனகாம்பாள் டீச்சர் பாலக்காட்டுக்காரர். நாக்கில் வசம்பு தேய்ப்பார், வாயில் கூழாங்கல் போடுவார் என்று எதிர்பார்த்துப் போனவனிடம் அவர் வாயைத் திறக்கவே சொல்லவில்லை.

"நாக்குல ஒண்ணும் கோளாறு இல்லே. கண்ணை எங்க வெச்சுண்டிருக்கே?" என்றார். "வார்த்தை முட்டறச்சே நீ ஓடிப்போயிடறே. உடம்பு நாற்காலில இருக்கு, கண்ணு தரைக்குப் போயாச்சு. முட்டினா முட்டட்டும். தள்ளாதே. என் கண்ணைப் பார்த்துண்டே நில்லு. அது தானா வரும்."

கேட்க எளிதாகத்தான் இருந்தது. ஐந்தரை மாதத்தில் அவனுக்கு டீச்சரின் கண்ணைவிட மேசை மேல் இருந்த கண்ணாடிக் குண்டுதான் நன்றாகப் பழக்கமாயிற்று. அதற்குள் ஒரு நீலப் பூ இருந்தது, ஆறு இதழ். ஜூன் மாதத்தில் மூன்று பெயர்வரை டீச்சரின் முகத்தைப் பார்க்க முடிந்தது. நாலாவது பெயரில் கண் வழுக்கிக்கொண்டு பூவுக்குப் போய்விடும். "போயிட்டுது பார்," என்பார் டீச்சர். அந்த அளவுக்கு வந்திருந்த நேரத்தில்தான் பெஞ்சு குறுக்கே விழுந்தது.

செங்கண் அந்த வருடம் கடல் கடந்து தேசம் தேசமாகப் பரவி வருகிறது என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். காலையில் எழுந்தால் கண் ஒட்டிக்கொண்டிருக்கும். திறந்தால் ரத்தம் கட்டினதுபோல் சிவந்திருக்கும். பஜார் ரோட்டு மிளகுக் கிட்டங்கிகளில் பாதிச் சுமட்டுக்காரர்கள் இல்லை. சாயக்கடையில் எல்லோரும் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாயா குடித்தார்கள். நோய்க்காரனின் கண்ணைப் பார்த்தால் ஒட்டிக்கொள்ளும் என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகம் இல்லை. கறுப்புக் கண்ணாடி விற்றவன்தான் அந்த மழைக்காலத்தில் சிரித்தவன். அதை மெட்ராஸ் கண்ணு என்று மலையாளிகள் சொன்னதால் லைன் வீட்டுக்காரர்களுக்குக் கொஞ்சம் கேலியும் சேர்ந்து கிடைத்தது. "எங்க ஊர்ல இருந்து வந்ததுல இது ஒண்ணத்தான் இங்க எல்லா வீட்டுலயும் உள்ள விட்டு உக்கார வச்சிருக்காங்க," என்றான் பாலையா.

தபால் பாடம் ஜூலை முதல் தேதி வந்தது. ஒரு கார்டு. தினமும் இருபது நிமிடம் கண்ணாடி முன்னால் நின்று, கண்ணைப் பார்த்து, முப்பத்தொரு பெயரையும் சொல்ல வேண்டும். அவன் கடிகாரம் வைத்துக்கொண்டு சொன்னான். பெயர்கள் தண்ணீர் மாதிரி வந்தன. கண்ணாடியில் இருந்தவன் நல்லவன். குறுக்கே பேசவில்லை, மணி பார்க்கவில்லை, வார்த்தையை எடுத்துக் கொடுக்கவும் இல்லை. இருபது நிமிடம் முடித்துவிட்டுத் திரும்பி, "சோறு போடு" என்று மனைவியிடம் சொல்லப் போனால், சோறு தொண்டையிலேயே நின்றது. தனியாக இருக்கும்போது அவனுக்கு என்றைக்குமே திக்கியதில்லை. ஆள் வேண்டும். ஆள் மாடியில் இருந்தார். மாடிக்குப் போக நோய் வந்து போயிருக்க வேண்டும்.

அவன் காலண்டரை எடுத்துக் கீழே வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். நோய் ஏழு நாள். குணமான பின் பத்து நாள். ஜூலை எட்டாம் தேதிக்குள் கண் சிவந்துவிட்டால் ஜூலை 25 சனிக்கிழமை பெஞ்சைத் தாண்டலாம். ஒரே ஒரு பயிற்சியாவது கிடைக்கும். எட்டாம் தேதியைப் பென்சிலால் சுற்றினான். ஊரே ஓடி ஒளிகிற ஒரு சாமானை வலிய வாங்கப் போகிறோமே என்ற எண்ணம் ஒரு நொடி வந்தது. போயிற்று.

வீட்டிலேயே ஆரம்பித்தான். அவன் மனைவி இருளாயிக்கு நோய் வந்து அன்று இரண்டாவது நாள். நந்தியாவட்டைப் பூவைத் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டு, கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்திருந்தாள்.

"க... கண்ணத் தொற."

"எதுக்கு?"

"தொ... தொறன்னா தொற."

அவள் திறந்தாள். அவன் எதிரே குந்தி உட்கார்ந்து, முகத்தை ஒரு முழத்துக்குக் கொண்டுவந்து பார்த்தான். உடம்பு கூசியது. தரைக்குப் போகத் துடித்த கண்ணைப் பிடித்து நிறுத்தினான். பார்க்காவிட்டால் ஒட்டாதே.

"இதென்னய்யா கூத்து? பொண்ணு பாக்க வந்தப்போகூட நீரு என் மூஞ்சியப் பாக்கல. தாம்பாளத்துல இருந்த வாழப்பழத்தத்தான் பாத்துக்கிட்டு இருந்தீரு."

"எ... எண்ணிக்கிட்டு இருந்தேன்."

"என்னத்த?"

"ப... பழத்த. ப... பதினொண்ணு."

அவள் சிரித்ததில் கண்ணில் நீர் வடிந்தது. விஷயத்தைச் சொன்னான். அதைச் சொல்லி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. அத்தனை நேரமும் அவள் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், ஒரு சொட்டு நோயும் வீணாகக் கூடாதென்று.

"ரேசனுக்கு வரிசையில நிப்பாங்க, கேட்டிருக்கேன். சீக்குக்கு வரிசையில நிக்கிற மொத ஆளு நீருதான்," என்றாள் இருளாயி.

இரண்டு நாள் ஆகியும் அவன் கண் பால்போல வெள்ளையாக இருந்தது. ஒருத்தி போதாது போலிருக்கிறது என்று வெளியே இறங்கினான். பிச்சை மேஸ்திரியைப் பார்த்தான், காய்கறிக்காரியைப் பார்த்தான், படகுத்துறையில் டிக்கெட் கிழிப்பவனைப் பார்த்தான். ஊரே தலையைக் குனிந்துகொண்டு நடக்க, இவன் ஒருத்தன் மட்டும் முகம் முகமாகத் தேடிக்கொண்டு திரிந்தான். கால் ஓர் இடத்தில் நிற்கவில்லை. ஓடையில் மம்பட்டி போடும்போதும் வருகிறவர் போகிறவர் கண்ணில் சிவப்பு தெரிகிறதா என்று நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்தான்.

பாலையா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு மஸ்டருக்கு வந்தான்.

"பா... பாலையா. அதக் கழத்து."

"பாக்கணுமா? கேட்டேன், கேட்டேன். லைன் பூராவும் இதே பேச்சுதான். பார்வைக்கு டிக்கெட்டு உண்டு, விக்கா." சொல்லிக்கொண்டே கழற்றினான். "நல்லாப் பாத்துக்க. ஒனக்கு வந்தா என்ன, வராட்டி என்ன? ஒண்ணாந்தேதி விளிக்கப் போறது நான். எனக்கு ஒரு நட்டமும் இல்ல."

சங்கிலிப்பாண்டி மனதுக்குள் எண்ணிக்கொண்டே பார்த்தான். நாற்பதில் பாலையாவின் சிரிப்பு நின்றது. ஐம்பத்திரண்டில் அவன் கண்ணைத் திருப்பிக்கொண்டு கண்ணாடியை மாட்டினான். "என்னடே, தின்னுருவ போலப் பாக்குற."

ஏழாம் தேதி சாயக்கடையில் சங்கதி கொஞ்சம் முற்றியது. இஞ்சிக் கிட்டங்கிச் சுமட்டுக்காரன் ஒருத்தன், ஆறடி ஆள், இரண்டு கண்ணும் நல்ல சிவப்பு. எட்டாம் தேதிக்கு ஒரு நாள்தான் இருந்தது. சங்கிலிப்பாண்டி அவன் எதிர் பெஞ்சில் போய் உட்கார்ந்து பார்த்தான். சுமட்டுக்காரன் சுவரைப் பார்த்துத் திரும்பினான். இவனும் எழுந்து அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தான்.

"எந்தாடா நோக்குன்னது?"

பதில் சொல்ல வேண்டும். வார்த்தை முட்டியது. வேறு நாளாக இருந்தால் எழுந்து ஓடியிருப்பான். இன்று ஓடினால் இந்தக் கண் போய்விடும். வாயைத் திறந்தபடி, வார்த்தை வராமல், அந்தச் சிவப்புக் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். சுமட்டுக்காரன் தோளில் கிடந்த துண்டை உதறிக்கொண்டு எழுந்து நின்றான். சாயாக்காரர் ஊற்றுவதை நிறுத்தினார்.

"எ... எ... எனிக்கு," என்றான் சங்கிலிப்பாண்டி. "எனிக்கு தீ... தீனம் வேணம் சேட்டா. கி... கிட்டணில்லா." நோய்தான் வேண்டுமாம், கிடைக்கவில்லையாம்.

சுமட்டுக்காரன் கொஞ்ச நேரம் அவனையே பார்த்தான். பிறகு உட்கார்ந்தான். "எடுத்தோ," என்று முகத்தை நீட்டினான். "முழுவனும் எடுத்தோ. ஆறு திவசமாயி உறங்கியிட்டு." ஆறு நாளாகத் தூக்கமில்லாதவன் சொன்னதைக் கேட்டுக் கடை முழுக்கச் சிரித்தது. அன்று சாயாவுக்கு அவனிடம் காசு வாங்கவில்லை.

எட்டாம் தேதி வந்தது, போயிற்று. சங்கிலிப்பாண்டி விடிவதற்கு முன்பே எழுந்து விளக்கைப் பிடித்துக் கண்ணாடியில் பார்த்தான். வெள்ளை. தன் கண் வெள்ளையாக இருப்பதைப் பார்த்து வருத்தப்பட்டவன் அந்த வருடம் மட்டாஞ்சேரியில் அவன் ஒருத்தன்தான் இருப்பான். இனிமேல் வந்தும் பயனில்லை என்று காலண்டர் சொன்னது. ஆனாலும் பார்ப்பதை அவனால் நிறுத்த முடியவில்லை. நோய்க்குப் பரிதாபம் தோன்றி ஒருவேளை இரண்டு நாளில் குணமாகிவிடாதா என்று ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது.

13-ஆம் தேதி திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் முற்றத்தில் நின்று எல்லோருக்கும் சொன்னார்: "கண்ணு நோக்கியா பகரில்ல. ஆரு பறஞ்சது? கையாணு காரணம். தோர்த்தாணு. தீனக்காரன்டெ தோர்த்து எடுத்து மொகம் தொடைக்கருது. கை சோப்பிட்டுக் கழுகணும்." பார்ப்பதால் ஒட்டாது, கையாலும் துண்டாலும்தான் ஒட்டும் என்பதை யாரும் நம்பவில்லை. சங்கிலிப்பாண்டி மட்டும் நம்பினான். பதினைந்து வருடமாகத் தினமும் மூன்று தடவை சோப்புப் போடுகிற தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

வேலை முடிந்து வேகவேகமாக வீட்டுக்கு வந்தான். கொடியில் இருளாயியின் துண்டு தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்தான். கண்ணுக்கு அருகே கொண்டுபோனான். அதற்குள் வாய் தானாக எண்ணிவிட்டது: பதின்மூன்றும் ஏழும் இருபது, இருபதும் பத்தும் முப்பது. முப்பது வியாழக்கிழமை. சனிக்கிழமை கிடையாது. போதாததற்கு, மஸ்டருக்கு முன்னால் ஒரு வாரம் கண் தெரியாமலும் கிடக்க வேண்டும். துண்டைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு அலசிவிட்டு, கையை மூன்று தடவை கழுவினான்.

"ரெண்டு வாரமா ஊர்ல ஒருத்தர் கண்ண விட்டு வைக்கல," என்றாள் இருளாயி. அவளுக்குக் குணமாகிவிட்டிருந்தது. "இப்பத் துண்டுதான் மருந்துன்னு தெரிஞ்சதும் தொவைக்கிறீரு. ஒம்ம புத்தியே தனி."

"சு... சும்மா இரு."

"என்னப் பாத்தே சொல்லுதீரே, சும்மா இருன்னு. முன்னெல்லாம் அடுப்பப் பாத்துல்ல சொல்லுவீரு."

அவன் அதைக் காதில் வாங்கவில்லை. அவனுக்குத் தேதி மட்டும்தான் தெரிந்தது.

ஜூலை 25. போய்ப் பயனில்லை என்று தெரிந்தும் சனிக்கிழமை இரண்டு மணிக்கு அவனால் வீட்டில் உட்கார முடியவில்லை. இரண்டே கால் படகில் போய், மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பெஞ்சுக்கு முன்னால் நின்றான். மேலே கதவு திறந்தது. தபால் கார்டுக் கட்டோடு கனகாம்பாள் டீச்சர் படி இறங்கி வந்தார், கறுப்புக் கண்ணாடியோடு.

"யாரு, பாண்டியா? அங்கயே நில்லு. எனக்கும் வந்தாச்சு, மூணு நாளா." நடுப்படியில் நின்றார். "கார்டு கிடைச்சுதோல்லியோ? கண்ணாடி பார்த்துச் சொன்னயா?"

"க... க..." வார்த்தை நின்றுவிட்டது. வாசலில் மழை ஊற்றியது. அவன் அப்படியே நின்றான். "கண்ணாடியில நல்லா வருது டீச்சர். ம... மனுசங்ககிட்டதான் வரல."

டீச்சர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் குனிந்தார்.

"இப்ப முட்டினப்போ நீ எங்க பார்த்துண்டிருந்தே?"

"உ... உங்களத்தான். ஆனா கண்ணு தெ... தெரியல டீச்சர். கறுப்பா இருக்கு."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். இரண்டு கண்ணும் சிவந்து வீங்கியிருந்தன. வெளிச்சம் கூசியது, இருந்தும் மூடவில்லை. "பார்த்தா ஒட்டாது, பயப்படாதே. ம், முப்பத்தொண்ணும் சொல்லு."

சொன்னான். நடுவே பெஞ்சும் ஒன்பது படியும் இருந்தன. ஒன்பது இடத்தில் முட்டியது. இரண்டு தடவை கண் கீழே இறங்கியது. முடிந்ததும் டீச்சர் இரண்டு விரலைக் காட்டினார்.

"ரெண்டே தடவை. ஒரு மாசமா நான் உன்னைப் பார்க்கலை. யார்கிட்டே போனே?"

யாரிடமும் போகவில்லை என்று சொல்லி, நோய் தேடித் திரிந்த கதையைச் சொன்னான். சுமட்டுக்காரன் வந்த இடத்தில் டீச்சர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சிரிப்பாலா நோயாலா தெரியவில்லை, கண்ணிலிருந்து தாரையாக வழிந்தது. கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டு எழுந்தபோது அவர் முகம் மாறிவிட்டது.

"ஆயாச்சுன்னு நினைச்சுக்காதே. நான் ஒருத்தி பார்க்கறது வேறே. முப்பத்தொரு பேர் சேர்ந்து பார்க்கறச்சே முட்டும், நன்னா முட்டும். யாராவது வார்த்தையை எடுத்துக் கொடுப்பா, வாங்கிக்காதே. ஆகஸ்ட் முடியட்டும், மறுபடி வா."

ஒரு சனிக்கிழமைப் பயிற்சி என்று அவன் காலண்டரில் கணக்குப் போட்டிருந்தது பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்தது. திரும்பும் படகில் அவன் உட்காரவே இல்லை.

ஆகஸ்ட் ஒன்றாம் தேதி அவன் நாலு மணிக்கே எழுந்துவிட்டான். ஆறு மணிக்கு முற்றத்தில் முப்பத்தொரு பேரும் வரிசையாக நின்றார்கள். நோய் வடிந்துவிட்டது. கறுப்புக் கண்ணாடி நாலைந்துதான் மிச்சம். பிச்சை மேஸ்திரி வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்திருந்தார். இன்ஸ்பெக்டர் மேசையில் ஃபைலைத் திறந்து வைத்துப் பேனாவைக் கழற்றினார். சங்கிலிப்பாண்டி மஸ்டர் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான். டீச்சர் சொன்னது சரிதான். முப்பத்தொரு ஜோடிக் கண் என்பது வேறு சாமான்.

முதல் பெயர் ஆறுச்சாமி. வந்தது. கோடு போட்டான். இரண்டாவதும் மூன்றாவதும் வந்தன. நாலாவது பெயர் செல்லதுரை. முட்டியது. தாடை இறுகியது. அவன் செல்லதுரையின் கண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றான். செல்லதுரைக்குத்தான் வேர்த்தது. வரிசையில் யாரோ செருமினார்கள். இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"செல்லதுரை," என்று பாலையா எடுத்துக் கொடுத்தான்.

"ஹாஜர்," என்றான் செல்லதுரை, விட்டால் போதும் என்று.

சங்கிலிப்பாண்டி கோடு போடவில்லை. கையை மட்டும் உயர்த்தினான், பொறு என்று. பத்து எண்ணுகிற நேரம் இருக்கும். "செ... செல்லதுரை," என்றான். செல்லதுரை மறுபடி ஹாஜர் சொன்னான். கோடு விழுந்தது.

பன்னிரண்டில் முட்டியது, பதினைந்தில் முட்டியது. பதினேழில் கண் கீழே போய்விட்டது, இழுத்துக்கொண்டு வந்தான். பத்தொன்பதாவது பெயர் வெங்கிட்டு. அது சுத்தமாக வந்தது. பின் வரிசையிலிருந்து "ஹாஜர்" என்ற குரலும் வந்தது. ஆனால் அவன் அடுத்த பெயருக்குப் போகவில்லை. பார்த்துக்கொண்டே நின்றான்.

"மறுபடி நின்னுபோச்சு," என்று பாலையா முணுமுணுத்தான்.

நின்றுபோகவில்லை. பின் வரிசையில் கறுப்புக் கண்ணாடியும் தலையைச் சுற்றித் துண்டுமாக ஒருத்தன் நின்றான். வெங்கிட்டுவின் சிவந்த கண்ணைச் சங்கிலிப்பாண்டி ஜூலை ஐந்தாம் தேதியே ஒரு நிமிடம் பார்த்திருக்கிறான்; அவனுக்கு இன்னும் கறுப்புக் கண்ணாடி எதற்கு?

"க... கண்ணாடியக் கழத்து."

துண்டு இறங்கியது. வெங்கிட்டுவின் மச்சான். முற்றம் முழுக்கச் சிரிப்பு வெடித்தது. வெள்ளை வேட்டிக்குள் பிச்சை மேஸ்திரி மட்டும் சிரிக்காமல் எங்கோ பார்த்தார். இன்ஸ்பெக்டர், "எத்தற நாளாயி இது?" என்று கேட்டார். சங்கிலிப்பாண்டி அந்த இடத்தில் ஒரு வட்டம் போட்டுவிட்டு இருபதுக்குப் போனான்.

முப்பத்தொன்றும் முடிந்தபோது ஆறு பதினெட்டு. பிச்சை மேஸ்திரி நாலு நிமிடத்தில் முடிப்பது வழக்கம். இன்ஸ்பெக்டர் பேனாவைப் பிடித்தபடி யோசித்தார்.

"சமயம் கொறைக்கணும். ஆறு மாசம் நோக்காம்," என்று சொல்லிக்கொண்டே அவர் கையெழுத்துப் போட்டு ஃபைலை மூடினார்.

சங்கிலிப்பாண்டி மஸ்டர் புத்தகத்தை மூடிக் கக்கத்தில் வைத்தான். முதுகு முழுக்க நனைந்திருந்தது. ஆனால் யாரும் நகரவில்லை. முப்பது பேரும் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவனும் பார்த்தான். எதற்கு நிற்கிறார்கள் என்று புரியவில்லை.

"ஆளப் பிரிச்சு விடுப்பா," என்றார் பிச்சை மேஸ்திரி. "யாரு எந்தத் தெருன்னு மேஸ்திரி சொன்னாத்தான போவாங்க."

ஒரு மாதமாக அவன் பெயர்களைத்தான் பழகியிருந்தான். தெருக்களில் ஒன்றைக்கூட வாயில் வைத்துப் பார்த்ததில்லை. கூவப்பாடம், பனயப்பள்ளி, கருவேலிப்படி என்று எல்லாம் ஒரே நேரத்தில் தொண்டைக்கு வந்து முட்டிக்கொண்டு நின்றன. மழை தூற ஆரம்பித்தது. அவன் புத்தகத்தை மறுபடி திறந்து, வேண்டியது அதில் இல்லை என்று கண்டு, மூடினான். வரிசையில் முதல் முகத்தைத் தேடினான்.

"பாலையா," என்றான். அது முழுதாக வந்தது. "நீ... க... க..."

பாலையா வாயைத் திறந்தான். பிறகு மூடிக்கொண்டான். மம்பட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு, தெருவின் பெயர் வந்து சேரும்வரை நின்றான்.